கடற்காற்றும் காரும்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் நெடுஞ்சாலை கண்ணுக்கு விருந்து. கிழக்கே வங்கக்கடல், மேற்கே வயல்வெளி. ஆயினும் புதிதாகக் கார் வாங்கியோருக்கு இவ்விரண்டுமே சோதனை.

கடற்காற்றின் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். மேற்பூச்சு பளபளத்துக்கொண்டிருக்க, அடியிலுள்ள பிறேக் எண்ணெய்க் குழாய் துருவேறி ஓட்டையானால் குடும்பமே ஆபத்துக்குள்ளாகும். ஆகவே, அடிப்பாகத்தையும் நன்னீரால் அடிக்கடி கழுவுதல் வேண்டும். அறுவடைக் காலத் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும்; அதனைக் கழற்றிப் பார்த்தல் நன்று.

எஞ்சின் எண்ணெயைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சிறிது பொறுத்தே அளக்க வேண்டும். சூடு ஆறுமுன் றேடியேற்றர் மூடியைத் திறத்தலாகாது. ஓடிச் சூடேறிய ரயர் கூடுதல் அழுத்தம் காட்டுமாதலால், காற்றைப் புறப்படுமுன்பே பார்த்துக்கொள்க.

பிறேக் மிதி வழக்கத்தினும் தாழ்ந்து இறங்குகிறதா? பொத்துவில் பயணம் காத்திருக்கட்டும். காரை எடுக்காது மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே அறிவுடைமை.