இறக்கத்தில் ஒரு மிதிவண்டி

கோத்தகிரியிலிருந்து கீழிறங்கும் கிளைச்சாலை ஒன்றின் முடிவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிளை அஞ்சலகம் இருக்கிறது. காலையில் மேலேயுள்ள அஞ்சலகத்தில் தபால் பையைப் பெற்றுக்கொண்டு இறங்குவதும், மாலையில் கட்டிய பையோடு ஏறுவதும் அங்குள்ள கிராம அஞ்சல் ஊழியரின் அன்றாடப் பணி. ஒரு வழித் தொலைவு 7 கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் அது வரும் நேரத்தை அதுவே முடிவு செய்யும். ஆகவே அவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற 28 அங்குலச் சக்கரமுடைய கறுப்பு மிதிவண்டியையே நெடுங்காலம் நம்பியிருந்தார். இறங்கும்போது வண்டி அவரைச் சுமக்கும். ஏறும்போது அவர் வண்டியைச் சுமப்பார் என்று ஊரார் கேலி பேசுவதுண்டு. அந்தக் கேலியில் பெரும்பகுதி உண்மை.

நீலகிரியின் இந்தச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்துப் பெய்யும். அத்தகைய ஒரு காலையில், இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவர் பிரேக்கைப் பிடித்தார். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டைகள் ரிம்மைத் தொட்டன, ஆனால் பற்றவில்லை. முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் ரப்பருக்கும் அதற்கும் இடையே நீர் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும். சக்கரம் சில சுற்றுகள் சுழன்று நீரை வழித்தெறிந்த பின்னரே பிடிப்புக் கிடைக்கும். சமவெளியில் அந்தச் சில சுற்றுகளை விட்டுக்கொடுக்கலாம். மலைவளைவில் இயலாது. அவர் காலை ஊன்றினார், செருப்பு தேய்ந்தது, வண்டியும் ஆளும் தேயிலைச் செடிகளுக்குள் சாய்ந்தனர். முழங்கால் தோல் உரிந்ததைத் தவிர வேறு தீங்கில்லை. தபால் பை நனையவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டார். அன்று மாலை வீடு திரும்பியதும், "வேற வண்டி வாங்கணும்" என்று மட்டும் சொன்னார். மனைவி முழங்காலைப் பார்த்தார். எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை.

மலைக்கு மலைமிதிவண்டிதான் ஏற்றது என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஐயம் கடைக்குள் நுழைந்த பிறகே தோன்றும். சமவெளி நகரக் கடையொன்றில் அவருக்குக் காட்டப்பட்ட முதல் வண்டி முன்னும் பின்னும் சுருள்வில் கொண்டது, 21 கியர்கள், இரும்புக் குழாய்கள் யானைத் தந்தம்போலப் பருத்திருந்தன. விலையும் கைக்கெட்டும் அளவில் இருந்தது. முன்பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்ட நேரத்தில், உடன் வந்திருந்த பழுதுபார்க்கும் முதியவர் குறுக்கிட்டார். கோத்தகிரிக் கடைத்தெருவில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நாற்பதாண்டுகளாக மிதிவண்டிகளைப் பிரித்துக் கோப்பவர் அவர். "தம்பி, முதல்ல அதைத் தூக்கிப் பாருங்க" என்றார்.

தூக்கிய கை தளர்ந்தது. பிறகு முதியவர் இருக்கையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். வண்டி தொட்டில்போல் ஆடியது. ஏற்றத்தில் பெடலை மிதிக்கும் வலிமையில் ஒரு பகுதியை இந்த ஆட்டமே விழுங்கிவிடும் என்பதை அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை. நல்ல பின்சுருள் அமைப்புகள் உலகில் உண்டு; அவற்றின் விலையும் வேறு, அவற்றுக்கு வேண்டிய பராமரிப்பும் வேறு. மலிவு வண்டியில் பொருத்தப்படும் பின்சுருள் எடையைக் கூட்டும் ஓர் அணிகலன் என்றே சொல்ல வேண்டும். ஊழியர் இறுதியில் தேர்ந்தது, பின்புறம் விறைப்பான, முன் ஃபோர்க்கில் மட்டும் எளிய சுருள் கொண்ட அலுமினியச் சட்ட வண்டி. நேர்க்குழாய்க்கு மேல் கால்களை அகட்டி நின்றபோது இடையில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. குதிகாலைப் பெடலில் வைத்தபோது கால் நேராக நீண்டது. சட்டத்தின் அளவு பொருந்தாத வண்டியில் எந்த உயர்ந்த உதிரிப்பாகத்தைப் பூட்டினாலும் முதுகும் முழங்காலும் பொறுத்துக்கொள்ளா. சுவை, நிறம், ஒட்டுப்பட எழுத்துகள் ஆகியவற்றைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. கடைக்காரருக்கு அது சற்று வருத்தம்.

இவ்வகை வண்டிகளின் பிறப்புக் கதை இங்கே நினைவுகூரத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி என்னும் பகுதியில் தமல்பையஸ் என்றொரு மலை உண்டு. 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பருத்த டயர் வண்டிகளைப் பழைய பொருட்களிலிருந்து மீட்டெடுத்து மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். செய்தித்தாள் போடும் சிறுவர்கள் முன்பு ஓட்டிய வண்டிகள் அவை. ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதையொன்றில் 1976 அக்டோபரில் போட்டி தொடங்கியது. அப்பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்சக்கர அச்சுக்கூட்டுக்குள்ளேயே பிரேக் அமைந்த வண்டிகளில், ஒரே இறக்கத்தில் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து வெளியேறிவிடும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீசை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. அந்த அடைப்புதான் பெயராயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு சட்டத்தை வடித்தார். டாம் ரிச்சி சட்டங்களைச் செய்ய, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் அவற்றை விற்கும் தொழிலைத் தொடங்கினர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டி ஒரு போட்டிப் பிரிவாகவே இடம்பெற்றது. செய்தித்தாள் சுமந்த வண்டியிலிருந்து பிறந்த ஒன்று, நீலகிரியில் மீண்டும் கடிதம் சுமக்க வந்தது பொருத்தமே.

புதிய வண்டியால் வந்த முதல் மாற்றம் ஏற்றத்தில் தெரிந்தது. பழைய வண்டியில் முன்பல்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னதற்கு 18. பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். புதியதில் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்று சங்கிலியை மாற்றிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான். தொலைவு மூன்றில் ஒரு பங்கு. காலில் விழும் சுமையும் அவ்வாறே குறையும். வேகம் நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதல். ஆனால் அவர் இருக்கையில் அமர்ந்தபடியே வீடு சேர்ந்தார். 21 கியர்களில் அன்றாடம் அவருக்குப் பயன்பட்டவை ஐந்தோ ஆறோதான். மற்றவை விளம்பரத்துக்கு உரியவை.

டயர் அடுத்த பாடம். வாங்கும்போது இருந்த டயர்களில் கட்டைவிரல் நுனியளவு கட்டிகள் வரிசையாக நின்றன. சேற்றில் பதிந்து பிடிக்க உருவானவை அவை. தார்ச்சாலையில் தேனீக்கூட்டம்போல் ரீங்கரிக்கும். உருளும்போது தடையும் மிகும். வளைவில் சாயும்போது கட்டிகள் நெளியும். மூன்றாம் மாதத்தில் அவற்றைக் கழற்றி, நடுப்பகுதி வழுவழுப்பாகவும் ஓரம் மட்டும் வெட்டுகளோடும் உள்ள டயர்களை இட்டார். அளவு கேட்டு வாங்குவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். '26', '27.5', '29' என்று பெரிதாக எழுதியிருப்பவை வெறும் பெயர்கள். டயரின் பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் உள்ள 559, 584, 622 என்னும் மில்லிமீட்டர் எண்ணே ரிம்முக்குப் பொருந்தும் விட்டத்தைச் சொல்லும். 29 அங்குலம் என்று பெருமையாக அழைக்கப்படும் ரிம்மும், பந்தய வண்டியின் 700 என்னும் ரிம்மும் ஒரே 622தான். காற்றழுத்தத்தின் உச்ச அளவும் அதே பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும். முதியவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே காற்றடிப்பார். ஊழியரோ அளவுமானி உள்ள பம்பு ஒன்றை வாங்கி வாரந்தோறும் பார்த்தார். இருவர் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரேக்கைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய வண்டியில் சக்கர நடுவே 160 மில்லிமீட்டர் வட்டத்தட்டு. அதை இருபுறமும் கவ்வும் பேடுகள். இத்தட்டு தரையிலிருந்து எட்டி நிற்பதால் சேறு படிவது குறைவு. ரிம் கோணினாலும் பிரேக் கெடாது. மழையிலும் பிடிப்பு உடனே கிடைக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகை இன்னும் மென்மையானது. ஆனால் அதனுள் காற்றுக் குமிழி புகுந்தால் நீக்குவதற்குத் தனிக்கருவி வேண்டும். கேபிளால் இழுபடும் வகை அவ்வளவு நேர்த்தியன்று. எனினும் அறுந்த கேபிளை எந்தச் சிற்றூர்க் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டுபவர் எதை வாங்கலாம் என்பதைவிட, எது கெட்டால் எங்கே சீராகும் என்று கேட்பதே அறிவுடைமை. அவர் கேபிளையே தேர்ந்தார்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒரு பிழை நேர்ந்தது. மிதிவண்டியை முழுதும் பிரித்துச் சுத்தம் செய்வதை நம் ஊர்ப் பட்டறைகளில் 'ஓவராயில்' என்பார்கள். ஆங்கிலச் சொல் ஒன்று வாய்மாறி வந்த வடிவம் இது. ஆனால் கேட்பவர் காதில் 'நிறைய எண்ணெய்' என்றே விழுகிறது. அந்தப் பொருளிலேயே ஊழியர் ஒரு ஞாயிறன்று செயல்பட்டார். சங்கிலி சொட்டச் சொட்ட எண்ணெய் இட்டார். எஞ்சிய எண்ணெய் ஊறிய துணியால், மங்கிக்கிடந்த பிரேக் தட்டுகள் இரண்டையும் பளபளக்கத் துடைத்தார்.

திங்கட்கிழமை மழையில்லை. அதே இரண்டாவது வளைவு. பிடி கைக்குள் முழுமையாக வந்தது, பேடுகள் தட்டைக் கவ்வின, ஒலி எழவில்லை, வேகமும் குறையவில்லை. வழக்கமான கிறீச்சொலி இல்லாததைத்தான் அவர் முதலில் உணர்ந்தாராம். இடப்புறம் மேட்டை நோக்கி ஏறும் தோட்டத்துப் பாதைக்குள் வண்டியைத் திருப்பியதால் ஏற்றமே அவரை நிறுத்தியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அஞ்சலகம் வந்தார். தபால் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

முதியவர் திட்டவில்லை. பேடுகளைக் கழற்றி மோந்து பார்த்து, "இது இனி எதுக்கும் ஆகாது தம்பி" என்று ஒதுக்கிவைத்தார். நுண்துளைகளில் எண்ணெய் இறங்கிய பேடு மீள்வது அரிது. தட்டைத் தூய ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத்துணியால் துணி அழுக்காகாத வரை துடைத்தார். பின்னர் சங்கிலியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய் வேண்டியது சங்கிலியின் மேற்புறத்துக்கு அன்று, உருளைகளுக்குள்ளே மட்டுமே. முதலில் அழுக்கைத் துடைத்து, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி இட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுழற்றி, சற்றுநேரம் விட்டு, மேலே தங்கியதை முழுதும் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காத எண்ணெய் மணலைச் சேர்த்துக்கொண்டு அரம்போல் பல்சக்கரங்களை அராவும்.

சங்கிலியின் தேய்மானத்தை அறிய அவர் காட்டிய கருவி பள்ளிக்கூட அளவுகோல். ஆணிக்கு ஆணி அரை அங்குலம் என்பது சங்கிலியின் கணக்கு. எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குமேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் பல்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். புதுச் சங்கிலி அவற்றில் நிற்காது தாவும். சில நூறு ரூபாயை மிச்சம்பிடிக்கச் சில ஆயிரம் கேட்கும் கணக்கு அது. ஊழியர் அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அளவுகோலோடு அமர்ந்தார்.

அந்த அளவுகோலுக்கு உரியவர் அவருடைய மகள். பதினோராம் வகுப்பில் சேர்ந்ததும் அவளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. கியர் இல்லாத எளிய வண்டி. பள்ளி கீழூரில் இருக்கிறது. இரண்டு வளைவுகளையும் கடந்தே செல்ல வேண்டும்.

முதல் மாதத்திலேயே இடப்பெடல் கிறுகிறுத்தது. அவள் ஸ்பேனரை வலப்புறமாகத் திருப்பத் திருப்ப அது மேலும் தளர்ந்தது. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதைத் தந்தை சொன்னார்: "ரெண்டு பெடலும் முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினா இறுகும் கண்ணு." அவள் இறுக்கினாள். பின்பு அவர் தயங்கித் தயங்கி, மழை நாளில் இரண்டு வளைவுகளிலும் இறங்கி நடக்கச் சொன்னார்.

"நீங்க அந்தப் பழைய வண்டியில இத்தனை வருஷம் இறங்கினீங்களேப்பா. எனக்கு மட்டும் நடையா?"

அவரிடம் விடையில்லை. முழங்காலில் தழும்பு இருந்தது. அதைக் காட்டவும் மனமில்லை. மறுநாள் மகளுடைய வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச்சென்றார். வேகம் குறையும்போது எடை முன்புறம் சாய்வதால் இறக்கத்தில் முன்பிரேக்கே பெரும்பங்கு சுமக்கிறது. முதியவர் எஃகு ரிம்மை நீக்கி, அதே அச்சுக்கூட்டில் அலுமினிய ரிம்மை வைத்து ஸ்போக்ஸ் கம்பிகளைப் பின்னி, ஒரு பிற்பகல் முழுதும் கோட்டம் எடுத்தார். ரப்பர் கட்டைகளும் கேபிளும் புதிதாயின. கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. "பாப்பா வண்டிதானே" என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கிளம்புமுன் சக்கரத்தைச் சுழற்றி, இரு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்த்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தந்தை அஞ்சலக வாசலில் நின்றார். அங்கிருந்து முதல் வளைவு தெரியும், இரண்டாவது தெரியாது. முதல் வளைவில் அவள் இறங்கி நடந்தாள். பிறகு ஏறி அமர்ந்து மூடுபனிக்குள் மறைந்தாள். அவர் முத்திரைக் கட்டையைக் கையில் வைத்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, வளைவுக்கு அப்பாலிருந்து மணியோசை இருமுறை கேட்டது. அவர் உள்ளே சென்று தபால்களைப் பிரிக்கத் தொடங்கினார்.