ஐந்தாம் சக்கரம்

கொள்கலன் ஏற்றிச் செல்லும் நெடிய லோரிகளை நாம் சாலையில் நாள்தோறும் காண்கிறோம். முன்னே இழுக்கும் வண்டி வேறு. பின்னே இழுபடும் டிரெய்லர் வேறு. இரண்டையும் இணைப்பது, இழுவண்டியின் முதுகில் படுத்திருக்கும் ஓர் இரும்புத் தட்டு. அதற்குப் பெயர் ஐந்தாம் சக்கரம். குதிரை வண்டிக் காலத்தில், வண்டி திரும்புவதற்காக முன் அச்சின்மேல் வைத்த கிடைச் சக்கரத்தின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. டிரெய்லரின் அடியிலுள்ள கிங்பின் என்னும் முளை இத்தட்டின் பிளவில் நுழைந்ததும் தாடைகள் அதனைக் கவ்விக்கொள்ளும். 2 அங்குலப் பருமனுள்ள அம்முளையை நம்பியே ஏறத்தாழ 30 டன் சுமை ஓடுகிறது.

1978ஆம் ஆண்டின் இறுதியில், தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நான், கிள்ளான் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிய என் தாய்மாமனுக்கு உதவியாளாகச் சென்றேன். மாமா வண்டியைப் பின்னுக்குச் செலுத்துவார். நான் டார்ச் விளக்கோடு டிரெய்லரின் அடியில் குனிந்து, தாடை முளையைக் கவ்வியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் தாங்கு கால்களை உயர்த்துவது.

அன்று விடியற்காலையில் மழை. தரையெல்லாம் சேறு. குனிய மனமில்லாமல், எட்ட நின்றவாறே, "மாட்டிவிட்டது மாமா" என்றேன். ஒருமுறை இழுத்துப் பார்ப்பது மாமாவின் வழக்கம். கப்பல் நேரம் நெருங்கிவிட்டதால், என் சொல்லை நம்பிப் புறப்பட்டார்.

டிரெய்லரின் முன்பகுதி சற்று உயர்ந்து நின்றிருந்ததால், முளை தாடைக்குள் இறங்காமல் தட்டின் மேலேயே தங்கியிருந்தது. வண்டி சில அடிகள் நகர்ந்ததும் அது நழுவியது. டிரெய்லர் முகங்குப்புற விழுந்தது. காற்றுக் குழாய்கள் அறுந்தன. குழாய் அறுந்தால் டிரெய்லரின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். ஆதலால் அது உருண்டோடவில்லை. நல்ல வேளையாகக் கொள்கலனும் காலி.

மாமா என்னைத் திட்டவில்லை. பளுதூக்கியைக் கொண்டு முன்பகுதியை உயர்த்தி, கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே, "தம்பி, இப்போது உள்ளே வா" என்றார். சேற்றில் இருவரும் மல்லாந்து படுத்தோம். தாங்கு கால்களில் ஒன்று கோணியிருந்ததைக் கண் உடனே கண்டது. "கண்ணுக்குத் தெரிவது பெரிய சேதமல்ல" என்றார் மாமா. முளையின் கிரீஸைத் துடைத்து, மூலைமட்டம் வைத்து அதன் நேர்மையைச் சோதித்தார். முளையிலிருந்து முதல் அச்சின் இரு முனைகளுக்கும் நாடா பிடித்து அளந்தோம், இரண்டும் ஒத்திருந்தன. சட்டம் கோணவில்லை.

அதன்பின் முளையைச் சுற்றிய பற்றவைப்பில் மண்ணெண்ணெய் தடவினார். சற்றுப் பொறுத்து உலரத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து அவ்விடமெங்கும் தேய்த்தார். சிறிது நேரத்தில் அந்த வெண்மையின் நடுவே மயிரிழை போல் ஈரக்கோடு ஒன்று படர்ந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்படியே ஓட்டியிருந்தால், நிறைசுமையோடு சாலை நடுவே என்ன நேர்ந்திருக்கும்!

முதலாளி, "யார் தவறு?" என்று கேட்டார். "இழுத்துப் பார்க்காதது என் தவறு" என்றார் மாமா. அரை மாதச் சம்பளம் போயிற்று. அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் மாமா சொன்னார்: "கேட்டபோது நீ பேசாதது போகட்டும். இனிமேல் பார்க்காததைப் பார்த்ததாக மட்டும் சொல்லாதே."

பின்னர் நான் ஆசிரியனானேன். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில், "புரிந்தது ஐயா" என்னும். எட்ட நின்று சொல்லும் அந்தக் குரலை நான் நன்கு அறிவேன். ஆகவே கடைசி வரிசை மாணவனை அழைத்து, அவன் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுப்பேன். கரும்பலகையில் எங்கே கை தயங்குகிறதோ அங்கே விரிசல். அதைக் கண்டுபிடிப்பது அவனைத் தண்டிப்பதற்கன்று. சுமை ஏறுமுன் பற்றவைப்பதற்கே.

மாமா இன்று இல்லை. "நான் குனிந்து பார்க்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை அன்று முதலாளியின்முன் நான் சொல்லியிருக்க வேண்டும். காலந்தாழ்ந்தேனும் அதனை இங்கே எழுதிவைக்கிறேன்.