கல்வெட்டில் உன் பெயர்

கொக்குவில் மேற்கு
23.02.2025

அன்பான பெறாமகளுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது. விடியவே கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்து வந்து, மத்தியானம் நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. கல்வெட்டுப் புத்தகம் முதல்நாள் இரவு எட்டு மணிக்குத்தான் அச்சகத்திலிருந்து வந்தது. விரித்துப் பார்த்தால், பேரப்பிள்ளைகள் வரிசையில் உன் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று கிடக்கிறது.

மாமாவிடம் கேட்டேன். "அண்ணை, அவள் இன்னும் முடிக்கேல்லையே?"

"முடிப்பாள்தானே. கல்வெட்டென்ன திருப்பித் திருப்பி அடிக்கிற சாமானே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ போலவும் இருந்தது. அதே வரிசையில் உன் பெரிய மச்சானின் பெயருக்குப் பக்கத்தில் '(பிரான்ஸ்)' என்று மட்டும் இருக்கிறது. பாரிசில் பதினாறு வருடம் கோப்பை கழுவிய காசில்தான் அம்மம்மாவின் இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு ஒரு பட்டம் இருந்தால் மாமா அதையும் போட்டிருப்பார்.

மாமாவைக் கோபிக்காதே. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது சில புள்ளிகளால் பொறியியல் தவறிய பெடியள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். பிறகு வங்கியில் சேர்ந்து, வீடு கட்டி, மூன்று பிள்ளைகளைக் கரைசேர்த்த மனிதன், இன்றைக்கும் கட்டடம் ஒன்றைப் பார்த்தால் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அந்த 'கலாநிதி' உனக்காகப் போட்டதா, தனக்காகப் போட்டதா என்று அவருக்கே தெரியாது.

எங்களுடைய ஆட்களுக்கு இந்தப் பட்ட ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கினார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருக்குப் படிப்பித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பீ.ஏ. சோதினையில் தேறினார்கள். அந்தக் கதையை எத்தனை பரிசளிப்பு விழாக்களில் கேட்டிருப்பாய்! அங்கே சொல்லாமல் விடுவது பின்பாதி. சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை பகலில் அரசாங்கக் கணக்கு வேலை பார்த்தார், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் அவர் கையால் அச்சேறியது இந்த உத்தியோகங்களுக்கு நடுவில்தான். சம்பளம் ஓரிடத்தில், உயிர் ஓரிடத்தில் என்று சொல்லலாம். எனக்கென்னவோ அவர் அப்படிப் பிரித்துப் பார்த்திருப்பார் என்று தோன்றவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மம்மாவின் எட்டுக்கு முதல்நாள் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். பின்னால் ஏதோ மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் நின்று பேசியிருக்கிறாய். "குஞ்சம்மா, இந்தப் பேப்பரை அனுப்பிப்போட்டுப் பிறகு ஆறுதலா இருந்து அழுறன்" என்றாய்.

எனக்குக் கோபம் வரவில்லை, பிள்ளை. அந்தப் 'பிறகு'வை உனக்குப் பழக்கிவிட்டவர்களே நாங்கள்தானே. ஸ்கொலர்ஷிப் முடியட்டும், ஓ.எல். முடியட்டும், ஏ.எல். முடியட்டும், கம்பஸ் முடியட்டும். 2016இல் உன் சோதினையும் நல்லூர்த் திருவிழாவும் ஒகஸ்டில் ஒன்றாக வந்தன. நல்லூர் மணி கேட்கும்போது நீ ரியூட்டரி வாங்கிலில் குனிந்திருந்தாய். கடலைக்காரி வீட்டு வாசலால் போனபோது நான்தான் படலையைச் சாத்தினேன்.

இனி, என்னுடைய கதை ஒன்று. பாதி உனக்குத் தெரியும். மற்றப் பாதியை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

1993இல் முதுகலைக்குப் பதிந்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே வடமராட்சி ஒப்பாரிகளைச் சேர்ப்பதுதான் ஆய்வு. மின்சாரம் போய் மூன்று வருடம். ஜாம் போத்தில் விளக்கில் ஒரு விரலளவு மண்ணெண்ணெய், அதுக்குள் திரி. பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மட்டை எழுதி, நெஸ்ரமோல்ற் பேணிக்குள் அடுக்கி வைப்பேன். கரவெட்டியில் ஒரு ஆச்சி நல்லாய்ச் சொல்லுவா என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனேன். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தா. "செத்த வீடில்லாமல் ஒப்பாரி சொன்னால் வீட்டுக்கு ஆகாது பிள்ளை. ஆரும் மோசம் போனால் வா" என்று சொல்லித் தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்து அனுப்பிவிட்டா.

இரண்டு மாதத்தால் அவவின் மைத்துனி தவறிப் போனதாகச் சொல்லியனுப்பினா. போனேன். பெண்கள் வட்டமாக இருந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சொல்லி அழுகிறார்கள். நான் கொப்பியோடு சுவரோரம் நிற்கிறேன். ஆச்சி நிமிர்ந்து பார்த்து, கையைப் பிடித்து இழுத்து வட்டத்துக்குள் இருத்தினா. கொப்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிப் போனது. எழுதவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து இரவிரவாக நினைவிலிருந்து பதினாலு மட்டை எழுதினேன்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு உனக்குத் தெரியும், எல்லாருடைய வீட்டிலும் கேட்ட கதை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம், ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம். வெளிக்கிடும்போது நான் பேணியைத் தூக்க, "அரிசியைத் தூக்கடி, கடதாசியை விட்டிட்டு வா" என்று அம்மம்மா பேசினா. விட்டுவிட்டு வந்தேன். கொடிகாமத்தில் அரிசி உரப்பையை அவிழ்த்தபோது நடுவில் பேணி. ஒரு சொட்டு ஈரமில்லை. அவ எப்போது வைத்தா என்று கேட்டதற்கு, "அரிசி கொட்டுண்டிடும் எண்டு முட்டுக் குடுத்தனான்" என்றா.

நாங்கள் தங்கியது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். எட்டுக் குடும்பம். மூன்றாம் நாள் இரவு மூலையில் படுத்திருந்த வயதானவர் ஒருவர் மூச்சுவிடாமல் போனார். மற்றவர்கள் நித்திரை, பிள்ளைகள் எழும்பிவிடும் என்று அந்த மனுசி வாய்க்குள்ளேயே ஒப்பாரி சொல்லத் தொடங்கினா. பிள்ளை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: என் மனம் முதலில் செய்தது கணக்குத்தான். இது விளி, இது உவமை, இதில் கரவெட்டி ஆச்சியின் மாதிரி வருகிறது, இதில் மாறுகிறது. எனக்கே என்னில் அருவருப்பாக இருந்தது. ஆனால் அடுத்த அடி எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவ மூச்சு முட்டி நின்ற இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டா. இரண்டு பேருமாக விடியும்வரை மெல்லச் சொன்னோம். எந்த ஊர், என்ன பேர் என்று கடைசிவரை கேட்கவில்லை.

ஆய்வு எனக்குத் தந்தது அந்த இரவுதான். இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

நீ கம்பஸுக்குள் இருக்கும்போது வெளியில் ஒன்று ஓடுகிறது, அது உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறாய் போல. நாங்கள் படித்த காலத்தில் காத்திருக்க ஒன்றும் இருக்கவில்லை. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை எங்கள் கம்பஸ் பெடியள் பெட்டையள் ஊரூராகக் கொண்டுபோனார்கள். நான் நடிக்கவில்லை, எனக்கு மேடையென்றால் கால் நடுங்கும். ஒரு கோயில் வீதியில் மணலில் இருந்து பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த மீன்காரக் கிழவி, மேடையில் அழுத பெட்டையைப் பார்த்து, "உது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டு அழுதா. நாங்கள் விரிவுரையில் 'பார்வையாளர்' என்று படித்த சொல் அது. அதற்குள் இப்படி ஒரு கிழவி இருப்பா என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் துணைவேந்தராக இருந்தவர் வித்தியானந்தன். தமிழில் பேராசிரியர், ஆனால் பேராதனையில் இருந்தபோதே மட்டக்களப்புக் கூத்தர்களைத் தேடிப் போய், 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றியவர். கூத்து அவருக்குப் பொழுதுபோக்கா, ஆராய்ச்சியா என்று கேட்டால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ.

அவருக்குப் பிறகு, 1988இல், துரைராசா வந்தார். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, நீதான் எனக்குச் சொன்னாய். களிமண் பாரம் தாங்கும்போது எப்படி நெகிழும் என்று கேம்பிறிட்ஜில் அவர் செய்த ஆராய்ச்சியில்தான் 'கேம் களி' என்ற கணக்கு எழும்பியது, ரொஸ்கோவோடும் ஸ்கோபீல்டோடும் அவர் பெயர் போட்ட 1963ஆம் ஆண்டுக் கட்டுரை உன் மேசையில் இருக்கிறது என்று நீ பூரித்துப்போய்ச் சொன்னது நினைவிருக்கிறது. எங்களுக்கு அவர் வேறு ஆள். பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள், கம்பர்மலைப் பக்கத்து ஆள், துணைவேந்தர் என்று சொன்னால்தான் தெரியும். அவர் சைக்கிள் ஓடி வந்ததை இன்றைக்கும் ஊரில் சொல்லுவார்கள். 1994இல் கண்மூடினார். மண்ணைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு இந்த மண் எங்கே நெகிழும், எங்கே வெடிக்கும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டுதான் இருந்தார்.

இன்னொரு சைக்கிளும் இருக்கிறது. ரஜனி திராணகம. உடற்கூற்றியல் துறைத் தலைவர். இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு சண்டைக்குள் திரும்பி வந்தவர். காலையில் உடம்பின் எலும்பும் நரம்பும் படிப்பித்தார். மற்ற நேரங்களில் அதே உடம்புகளுக்கு வெளியில் என்ன நடக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். ஒரு துவக்கையும் விட்டுவைக்கவில்லை. 'முறிந்த பனை' புத்தகத்தை எழுதிய நான்கு பேரில் ஒருவர். 1989 செப்ரெம்பர் 21, மருத்துவ மாணவரின் சோதினை வேலையை முடித்துச் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டார்கள். 35 வயது. அந்த றோட்டால் போகும்போது எனக்கு இன்னமும் பெடல் மெதுவாகும். அவரைப் போல இரு என்று உனக்குச் சொல்ல வரவில்லை. அப்படி யாரையும் யாருக்கும் சொல்லக் கூடாது, அது கொடுமை. ஆனால் அவர் இந்த இரண்டு வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் இரண்டாவதற்கு முறையே வந்திருக்காது.

இப்போது அந்த மற்றப் பாதி. என்னுடைய முதுகலை ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இடம்பெயர்ந்தனாங்கள், எல்லாம் போச்சு" என்று சொல்லி வந்தேன். எல்லாரும் நம்பினார்கள். ஒருவரும் மறுத்துக் கேட்க முடியாத காரணம் அது. ஆனால் பேணி ஈரம்கூடப் படாமல் என்னிடம் இருந்தது. 1996இல் வீட்டுக்குத் திரும்பியதும் எழுதியிருக்கலாம். கூரை போடட்டும் என்றேன். பிறகு கலியாணம் முடியட்டும், பிள்ளை வளரட்டும், பென்சன் வரட்டும். நீ படிப்புக்காக வாழ்க்கையைப் பிறகுக்குத் தள்ளினாய். நான் வாழ்க்கைக்காகப் படிப்பைப் பிறகுக்குத் தள்ளினேன். பேணி முப்பது வருடம் அரிசிப் பெட்டிக்கு மேலேயே இருந்தது. அம்மம்மா தூசி தட்டுவா, ஒன்றும் கேட்கமாட்டா.

போன மாதம் அவ கிடந்தபோது வீடு நிறையச் சனம். ஒலிபெருக்கியில் திருவாசகம் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வரிசையாகக் கதிரையில் இருந்தார்கள். வட்டமாக இருக்க ஒருவருக்கும் தெரியவில்லை. பெட்டி மூடப்போகும் நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே இருந்தேன். கரவெட்டி ஆச்சியின் ஏழாவது மட்டை. குரல் கரகரத்தது, இரண்டு இடத்தில் அடி தவறியது. உன் அம்மா முதலில் வெட்கப்பட்டாள், பிறகு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பாரிஸ் மச்சான் படம் எடுத்து வைத்திருக்கிறான். உனக்கு அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ கேட்டால் அனுப்புவான். எப்போது கேட்பதென்பது உன் பாடு.

கம்பஸில் நாட்டாரியல் செய்யும் பெட்டையொன்று வியாழக்கிழமை வருகிறாள். என்னைப் பாடச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டுமாம். ஆச்சி எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லுவேனோ, இல்லாவிட்டால் இரக்கப்பட்டுப் பாடிவிடுவேனோ தெரியாது. தேத்தண்ணியும் பனங்கட்டியும் நிச்சயம்.

மாமி செவ்வாய்க்கிழமை கனடாவுக்குப் பறக்கிறா. அவவிடம் பார்சல் கொடுத்து விடுகிறேன்: மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல் மா, புழுக்கொடியல், உனக்கென்று தனியாக வேப்பம்பூ வடகம். வடகத்தை மாமியின் மருமகனுக்குக் கொடுத்துவிடாதே. கல்வெட்டு ஒன்று பத்திரிகையில் சுற்றி அடியில் இருக்கிறது. அதில் உன் பெயருக்கு முன்னால், மாமா பார்க்காத நேரமாக, வெள்ளை மை பூசியிருக்கிறேன். கொஞ்சம் பட்டையாகிப் போனது. வேணுமென்றால் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

அன்புடன்,
குஞ்சம்மா