கண்டென்ஸர் இல்லாத மோட்டார்

2024 டிசம்பரில் விழுப்புரம் பக்கத்தில் எது கெட்டுப்போனாலும் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: புயல். சொல்ல நியாயமும் இருந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தருகே வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. திண்டிவனம் கிளைக்கு நான் தினமும் போய்வரும் வழி அது. அதற்கப்புறம் தண்ணீர் மோட்டார், டி.வி., மாமனாரின் முழங்கால் எல்லாமே புயலில் போனவைதாம். எங்கள் வீட்டு ஓவனின் விசிறியும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது.

எனக்கு இதில் சம்மதமில்லை. ஒரு பெரிய சம்பவத்தின் பக்கத்தில் ஒரு சிறிய சம்பவம் நடந்துவிட்டால் முன்னதைப் பின்னதற்குக் காரணமாக்கிவிடுவது நம் இலக்கியச் சரித்திரக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் காரியம். 1975க்குப் பிறகு ஒரு கவிஞன் எழுதாமல் போனானா, நெருக்கடி நிலை என்று எழுதிவிடலாம். அவனிடம் அதற்கு முன்பே எண்ணெய் வற்றிவிட்டதா என்று யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஓவன் விஷயத்தில் ஆதாரம் இருந்தது. என் மனைவி ஆர்டரின் பேரில் கேக் செய்து கொடுக்கிறாள். அவளுடைய நோட்டில் அக்டோபர் மாதத்துப் பக்கம் ஒன்றில், ‘அடி சிவக்குது, நடு வேகலை, தட்டைத் திருப்பி வைக்கணும்’ என்று இருந்தது. உள்ளே சூடான காற்றைச் சுற்றவிடுவதுதான் அந்த விசிறியின் வேலை. அது சுற்றுவதை நம்பித்தான் சாதாரண ஓவனுக்குச் சொல்லும் சூட்டைவிடச் சுமார் 20 டிகிரி குறைத்து வைப்பது. ஆக, விசிறி தளர ஆரம்பித்தது புயலுக்கு முன்பே. காதுக்குத் தெரியுமுன் கேக்குக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது கிறிஸ்துமஸுக்குப் பதினான்கு கேக் சொல்லியிருந்தார்கள், முன்பணம் வாங்கியாகிவிட்டது.

நேருஜி ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. அவர் கடையில், 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லாமல் கிடைத்த மேஜை விசிறிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. நான் சொன்னதைக் கேட்டு, “இரையுதா, சும்மா கெடக்குதா சார்?” என்றார். இரைகிறது என்றேன். “காயில் நல்லாருக்கு. கண்டென்ஸர் போயிருக்கும்.”

முதல் வாக்கியம் அப்பழுக்கில்லாதது. அவர் போன்றவர்களின் பாஷையில் இரையுது, பிடிக்குது, ஆடுது, சுத்து கம்மி என்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வார்த்தை; ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. நம் மதிப்புரைகளில் இருப்பது ‘தோல்வி’ என்ற ஒரே வார்த்தை. ஆனால் இரண்டாவது வாக்கியம் வேறு யந்திரத்துக்கு உரியது. அவர் காது சரி, சித்தாந்தம்தான் கூரை விசிறியுடையது.

வீட்டு மின்சாரத்தில் ஒற்றைச் சுருளின் காந்தப் புலம் துடிக்கும், சுழலாது. எந்தப் பக்கம் போவது என்ற தீர்மானம் அதற்கு இல்லை. திசை பிறக்க வேண்டுமானால் இரண்டாவதாக ஒன்று சற்றுப் பிந்தி வர வேண்டும். ஃபெராரிஸும் டெஸ்லாவும் 1888இல் தனித்தனியாக வெளியிட்ட விஷயத்தின் சாரம் இதுதான். கூரை விசிறியில் இந்தப் பிந்தலை உண்டாக்க இரண்டாவது சுருளும் ஒரு கண்டென்ஸரும் இருக்கின்றன. ஓவன் விசிறியின் சின்ன மோட்டாரில் அவை கிடையாது. இரும்புத் துருவத்தின் ஒரு மூலையைச் சுற்றி ஒரு செம்பு வளையம், அவ்வளவுதான். எந்தக் கம்பியும் அதற்குப் போவதில்லை. வளையத்துக்குள் அகப்பட்ட பகுதியில் காந்தம் தாமதமாக ஏறித் தாமதமாக இறங்கும். அந்தத் தாமதத்தை நம்பி மோட்டார் வளையம் இருக்கும் பக்கமாக நகரத் தொடங்கும். இப்படிக் கிடைக்கும் ஆரம்ப விசை மிகச் சொற்பம். கொஞ்சம் உராய்வு இருந்தால் போதும், இரைந்துகொண்டு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, இறக்கையை விரலால் சுண்டினேன். நன்றாக இருக்கும் விசிறி விரலை எடுத்தபின்னும் சில சுற்று ஓடும். இது விரல் நின்ற இடத்தில் நின்றது. இறக்கையைப் பிடித்திருக்கும் நட் இடக்கை மரை. சுழற்சியிலேயே கழன்றுகொள்ளாமலிருக்க அப்படி வைப்பார்கள். வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருகினால் இறுகிக்கொண்டே போகும். பின் தகட்டை எடுத்து மோட்டாரை வெளியே கொண்டுவந்தேன்.

துரு இல்லை. தண்டில் இல்லை, இரும்புத் தகடுகளிலும் இல்லை. ஈரம் புகுந்திருந்தால் அங்கேதான் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கும். தண்டு சுழலும் புஷ் நுண்துளைகள் கொண்ட வெண்கலம். எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. இரண்டு டிகிரி மூன்று டிகிரி அல்ல, இருநூறு டிகிரிக்கு எரியும் அறையின் முதுகில் ஒட்டிக்கொண்டு மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறது. எண்ணெய் காய்ந்து பழுப்பு வார்னிஷாகப் படிந்திருந்தது.

“ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விடுங்களேன் மாப்ளே” என்றார் மாமனார். ஓடத்தான் ஓடும், அந்தச் சூட்டில் நாளடைவில் அதுவும் பிசுக்காகிவிடும். ஸ்பிரிட்டில் துடைத்து, முழுக்க உலர்ந்தபின், அதிகச் சூடு தாங்கும் எண்ணெய் சில சொட்டு விட்டேன். புதுச்சேரியில் வாங்கி வந்தது. மாட்டி, சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சுற்றியது.

மாட்டுவதற்கு முன் மோட்டாரைக் காகிதத்தில் சுற்றி மெக்கானிக்கிடம் காட்டியிருந்தேன். வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இதுக்கு ஒயர் எங்கேர்ந்து சார் வருது?”

“வராது.”

இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, “டேய், இங்க வா, இதப் பாரு” என்றார்.