அவர் நிறம்

திருவொற்றியூரில் அச்சுக்கடை வைத்திருப்பவனுக்கு வரும் வேலையில் பாதி சாவோடு சம்பந்தப்பட்டது. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், முதலாமாண்டு நினைவஞ்சலி, ஃப்ரேம் போட்ட படம். ஃப்ளெக்ஸில் நிறம் பிசகினால் யாரும் கேட்கமாட்டார்கள், நாலு நாளில் கிழிந்துவிடும். சுவரில் மாட்டும் படம் அப்படியில்லை. அதற்குத் தினமும் விளக்கேற்றுவார்கள்.

போன ஐப்பசியில் புதுக் காகிதத்துக்கு மாறினோம். அதிலிருந்து எங்கள் கடையில் அச்சான முகங்களெல்லாம் செம்மை தட்டின. குப்பத்து அம்மா ஒருவர் கணவரின் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். "இன்னா தம்பி, எங்க வூட்டுக்காரரு கறுப்பு. கடல்ல வெந்த ஒடம்பு. இது யாரோ மாரி கீது."

நாஸில் அடைப்பு இல்லை, மையும் பழசில்லை, திரையில் முகம் சரியாகவே இருந்தது. கண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லவும் வழியில்லை. கடை எல்.இ.டி. வெளிச்சத்தில் ஒரு நிறம், வாசல் வெயிலில் வேறு நிறம்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்றொரு கருவி உண்டு. கைக்குள் அடங்கும். தன் விளக்கைக் காகிதத்தில் அடித்து, திரும்பி வரும் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து எண்ணாக்கும். 1976-இல் வகுக்கப்பட்ட 'லேப்' அளவையில் மூன்று எண்கள் கிடைக்கும். எல் என்பது வெளிச்சம். ஏ என்பது சிவப்பா பச்சையா. பி என்பது மஞ்சளா நீலமா. கலப்பில்லாத சாம்பல் என்றால் ஏ, பி இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

முதலில் கருவியையே சந்தேகப்பட்டேன். அதன் வெள்ளைப் பீங்கான் வில்லையில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, ஒரே சாம்பல் கட்டத்தை ஐந்து முறை அளந்தேன். ஐந்து முறையும் கிட்டத்தட்ட அதே எண். கருவி சுத்தம். பிறகு புதிதாக ஒரு சாம்பல் பட்டை அச்சிட்டேன். சுடச்சுட அளந்தபோது ஏ பூஜ்யம். மறுநாள் காலை அதே பட்டையில் ஏ நான்கு! ராத்திரியோடு ராத்திரியாகச் சாம்பல் சிவந்திருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது. புரொஃபைல் என்பது இந்த மையும் இந்தக் காகிதமும் சேர்ந்தால் எந்த நிறம் வரும் என்று எழுதிவைத்த கோப்பு. நூற்றுக்கணக்கான நிறக்கட்டங்களை அச்சிட்டு, அளந்து, அதை உருவாக்குவார்கள். காகிதம் விற்றவர்கள் அனுப்பிய டெக்னீஷியன் அதை அச்சிட்ட பத்தாவது நிமிடமே அளந்துவிட்டுப் போயிருந்தார். வெளியே அடைமழை, எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டினால் கடல். அந்த ஈரக்காற்றில் மை லேசில் காயாது. ஈரத்தில் எங்கள் அச்சு பச்சை சாய்ந்து தெரிகிறது. அதை ஈடுகட்டப் புரொஃபைல் சிவப்பைக் கூட்டுகிறது. காய்ந்ததும் பச்சை போய்விடும், கூட்டிய சிவப்பு தங்கிவிடும்.

கட்டங்களை மறுபடி அச்சிட்டு ஏ.சி. அறையில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அளக்கும்போது மேசைப் பலகையின் நிறம் ஊடுருவாதபடி அடியில் அதே காகிதம் இரண்டு வைத்தேன். புதுப் புரொஃபைலில் அச்சிட்ட சாம்பல், மறுநாளும் சாம்பலாகவே இருந்தது.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. அந்த அம்மாவின் மகன் தனியாக வந்து, "அண்ணே, அப்பாவ கொஞ்சம் கலர் ஏத்தி வுடுங்க" என்றான். இது அவன் கண்டுபிடித்த ஆசை இல்லை. கோடாக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களில் நிறம் சரிபார்க்கக் கொடுத்த 'ஷெர்லி' அட்டைகளில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர்களும் கேட்காமலே முகத்தை வெளுப்பவர்கள். கருவி சாம்பலைச் சாம்பல் என்று சொல்லும். கறுப்பை எவ்வளவு கறுப்பாக விடலாம் என்பதை அதனிடம் கேட்க முடியாது.

கோப்பில் இருந்தபடியே அச்சிட்டேன். மகனிடம், "அம்மா பாக்கட்டும், அப்புறம் சொல்லு" என்றேன். மறுநாள் அந்த அம்மா படத்தை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, மகன் கையில் கொடுத்தார்.

"இவருதான்டா."