கேம்பில் ஒரு முற்பகல்: விண்ணப்பத்தோடு ஒரு நடை

புனேயில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்குக் 'கேம்ப்' என்பது எந்த இடம் என்று சொல்ல வேண்டுவதில்லை. 1817-ஆம் ஆண்டு, இன்று கட்கி என வழங்கும் கிர்க்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அதன்பின் ஆங்கிலேயர் தம் படையைத் தங்க வைத்த பாசறையே நாளடைவில் ஊராயிற்று. பாசறையைக் குறிக்கும் அவர்கள் சொல்லே ஊரின் பெயராகவும் நிலைத்தது. தென்மண்டலப் படைத் தலைமையகமும், இராணுவக் கணக்கு அலுவலகங்களும், இரயில்வேயும் நம்மவரில் பலரை இங்குக் கொணர்ந்தன. பாட்டனார் வேலை தேடி வந்தார்; தந்தையார் இங்கேயே ஓய்வு பெற்றார்; பேரப் பிள்ளையோ கடல் கடந்து கற்க விழைகிறது. நம்மில் பலருடைய குடும்பக் கதை இதுதான்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை முற்பகல், தங்கை மகளுடன் இவ்வீதிகளில் நடந்தோம். அவள் பி.எஸ்ஸி. முடித்தவள். மேற்படிப்புக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு கோப்பு. அதனுள் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான மார்க் ஷீட்டுகள். அவற்றுக்குப் படி எடுப்பதே அன்றைய வேலை. ஆயினும் எங்கள் நெஞ்சில் வேறொரு பாரமும் இருந்தது.

எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் சென்ற ஆண்டு ஜெர்மனிக்குப் புறப்படுவதாக இருந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். "இது போதும், அங்கே நேரே சேர்ந்துவிடலாம்" என்று ஒரு தரகர் உறுதி கூறினார். அன்னையின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. தரகரின் கட்டணமும் செலுத்தப்பட்டது. விண்ணப்பமோ திரும்பி வந்தது. காரணம் எளியது. நம் நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று மட்டும் கொண்டு ஜெர்மனியில் இளநிலைப் படிப்பில் நேரே சேர இயலாது. இங்கு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டாவது தேறியிருத்தல் வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் வெற்றி பெற்றிருத்தல் வேண்டும். அல்லது அங்கே 'ஸ்டூடியன்கொல்லெக்' என்னும் ஆயத்தப் பள்ளியில் பயிலுதல் வேண்டும். இவ்விதி ஒளித்து வைக்கப்பட்டதன்று. யாவரும் காண வெளியிடப்பட்டிருப்பது. அதை அவ்வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை. பிள்ளைக்கு ஓராண்டு போயிற்று. அன்னையின் கை இன்னும் வெறுங்கையாகவே இருக்கிறது.

அந்தக் கையை நாள்தோறும் காண்பதால், "இம்முறை ஒவ்வொரு சொல்லையும் நாமே படிப்போம்" என்று தங்கை மகளிடம் கூறியிருந்தோம்.

சிவாஜி மார்க்கெட்டைக் கடந்து மகாத்மா காந்தி வீதியில் நுழைந்தோம். பழையவர்கள் இதனை இன்றும் 'மெயின் ஸ்ட்ரீட்' என்பர். ஜெராக்ஸ் கடையில் தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போதுதான் முதல் சிக்கல் கண்ணில் பட்டது. அவள் பயின்றது மராட்டிய மாநிலக் கல்வி வாரியத்தில். இங்கே மார்க் ஷீட்டில் குடும்பப் பெயர் முதலில், தன் பெயர் அடுத்து, தந்தை பெயர் அதற்கடுத்து வரும். நமக்கோ குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பள்ளியில் சேர்த்த நாளில், கட்டத்தை வெறுமையாக விடலாகாது என்று தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டனர். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயருக்குரிய இடம் வெறுமையாக உள்ளது. பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னே நிற்கிறது. ஒரு பெண்ணுக்கு மூன்று பெயர்கள்!

"மாமா, இதில் நான் யார்?" என்று அவள் நகைத்தாள். நமக்கு நகைப்பு வரவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உடையவர்க்கு அமெரிக்க விசாவில் அதுவே குடும்பப் பெயராகக் கொள்ளப்படும். தன் பெயருக்குரிய இடத்தில் 'எப்.என்.யு.' என்னும் மூன்றெழுத்து ஏறும். முதற்பெயர் தெரியாது என்பது அதன் பொருள். பெற்றோர் ஆய்ந்து சூட்டிய பெயர், 'தெரியாது' என்று பதிவாகிறது. பிற நாடுகளிலும் சான்றிதழ்ப் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் வேறுபடின் கேள்வி எழும். ஆதலின் விண்ணப்பத்தின் முதல் வேலை பெயரை நேர் செய்வதே. பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து முறையாகப் பதிந்து மறுபடி பெறலாம். சான்றிதழ்களிலுள்ள பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். எவ்வாறாயினும் இதற்குத் திங்கள் சில செல்லும். பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் இதனைக் கவனிப்பது நலம்.

படிகளை எடுத்துக்கொண்டு மொலெடினா வீதிப் பக்கம் நடந்தோம். செங்கல்லால் ஆன உயர்ந்த கடிகாரக் கோபுரத்தோடு 'லால் தேவள்' என மக்கள் அழைக்கும் யூதர் ஆலயம் அங்கே நிற்கிறது. டேவிட் சாசூன் என்னும் வணிகப் பெருமகனார் எழுப்பியது, 1867-இல் முற்றுப்பெற்றது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறியவர் அவர். வேற்றூரிலிருந்து வந்தவர் நிலைபெற்ற இடத்தில், வேற்றூருக்குப் போகவிருக்கும் பெண்ணுடன் நின்றோம். நிழலிருந்த ஒரு பக்கமாக ஒதுங்கி, அவள் எழுதிவந்த குறிப்புகளை வாசித்தோம்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்கு 'யூகாஸ்' என்னும் பொது அமைப்பின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்கும், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். ஏனைய படிப்புகளுக்கு ஜனவரி வரை காலம் உண்டு என்று எண்ணியிருப்போர் இங்கே ஏமாறுவர். ஜெர்மனிக்கு, 2022 நவம்பர் முதல் நம் மாணவர்கள் 'ஏ.பி.எஸ்.' என்னும் சான்றிதழ் சரிபார்ப்பைப் பெற்றாக வேண்டும். ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் வைத்துக் காட்டுவது வழக்கம். அத்தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. கனடாவுக்கு விரைவு வழியாக இருந்த திட்டம் 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சென்றவர் கூறும் வழி இன்றைக்கு உதவாது. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் ஈராண்டுகளே செல்லும். முந்தி எழுதினாலும் பயனில்லை, பிந்தி எழுதினாலும் இடமில்லை.

மருத்துவம் பயில விழைவோர் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும். அயல்நாட்டுக் கல்லூரி இடம் கொடுத்தால் மட்டும் போதாது. திரும்பி வந்து இங்கே தொழில் நடத்த நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிக்கும் உட்பட வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி, படிப்பு குறைந்தது 54 திங்கள் நடைபெற வேண்டும். அதே நிறுவனத்தில் 12 திங்கள் பயிற்சியும் வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். நீட் தேர்விலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஒரு வாயிலின் விதியைப் படித்து மறு வாயிலின் விதியைப் படியாதவர், பல இலட்சம் செலவிட்டுப் பெற்ற பட்டத்தோடு வெளியே நிற்க நேரும்.

தங்கை மகளின் ஐயம் வேறு. அவளுடைய பட்டம் மூன்றாண்டுப் பட்டம். சில நாடுகளில் முதுநிலைக்கு நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்பர். சில பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டையும் ஏற்கும். ஒரே நாட்டினுள்ளும் ஒன்று ஏற்பதை மற்றொன்று ஏற்பதில்லை. "தோழியர் கூடாது என்கிறார்கள், தரகர் கூடும் என்கிறார். யாரை நம்புவது, மாமா?" என்றாள்.

இதே வீதியில்தான் மேனீஸ் புத்தகக் கடை இருந்தது. 2012-இல் அது மூடப்பட்டது. புத்தகம் தேடி அங்கே நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. அக்காலத்தில் விவரம் கிடைப்பதே அரிது. இக்காலத்தில் விவரம் மிகுதி, மெய் எது என்று அறிவதே அரிது. இவ்வூரில் வாழ்ந்த இருவர் கதையை அவளுக்குக் கூறினோம்.

கார்னீலியா சொராப்ஜி இப்புனேயின் டெக்கான் கல்லூரியில் பயின்றவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. தேர்வில் அவர் பெற்ற இடம் இங்கிலாந்தில் பயில அரசு உதவித்தொகைக்கு உரியது. பெண் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. அவர் அதனோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் நல்லோர் சிலர் பொருள் திரட்டி உதவ, 1889-இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் மன்றத்தில் சேர்ந்தார். சட்டத் தேர்வு எழுதப் பெண்களுக்கு வழியில்லாத காலம். தனி அனுமதி பெற்று 1892-இல் எழுதினார். பட்டம் கைக்கு வர 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனந்திபாய் ஜோஷி அவருக்கும் முந்தியவர். 1883-இல், பதினெட்டு வயதில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். சேர்க்கைக்குரிய தகுதிகள் அனைத்தும் தமக்கு இராமற் போகலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் கற்றது இது, தம் நோக்கம் இது என்று நேரே எழுதினார். கல்லூரி ஏற்றுக்கொண்டது. 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயுற்றுத் திரும்பி, 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையுமுன் இதே புனேயில் மறைந்தார்.

நம் இராமானுஜனைச் சொல்லாமல் விடலாமா? கல்லூரித் தேர்வில் தேறாதவர். பட்டம் ஏதும் இல்லாதவர். 1913 ஜனவரியில் தம் கணக்குகளைத் தாளில் எழுதிப் பேராசிரியர் ஹார்டிக்கு நேரே அனுப்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகை அளிக்க, 1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். 1916-இல் ஆராய்ச்சியின் வழியே பட்டமும் பெற்றார்.

இம்மூவரும் பேரறிவினர், எல்லாரும் அவர்கள் ஆகிவிட முடியாது. விதி தளரும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் கூடாது. ஆனால் ஆனந்திபாயும் இராமானுஜனும் செய்த ஒரு செயலை எவரும் செய்யலாம். உரிய இடத்துக்குத் தாமே எழுதினர். உள்ளதை உள்ளவாறு எழுதினர். "தோழியரையும் நம்ப வேண்டா, தரகரையும் நம்ப வேண்டா. பல்கலைக்கழகத்தையே கேள், அம்மா" என்றோம்.

அன்று மாலையே அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு மடல் எழுதினாள். பட்டம் மூன்றாண்டு என்பதையும், பயின்ற பாடங்களையும், மதிப்பெண்களையும் குறித்தாள். பெயர் வேறுபாட்டையும் மறைக்காமல் சொன்னாள். எட்டாம் நாள் விடை வந்தது. மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பதாகவும், இரண்டு பாடங்களை முதற்பருவத்தில் கூடுதலாகப் பயில வேண்டும் என்றும், பெயருக்கு உறுதிமொழிப் பத்திரம் இணைக்குமாறும் அதில் இருந்தது. நான்கே வரிகள். இரண்டு திங்களாக அவ்வீட்டில் நிலவிய குழப்பம் அவ்வரிகளால் தீர்ந்தது. இடம் கிடைக்குமா என்பது இனித்தான் தெரியும். எனினும் எதன்மேல் நின்று விண்ணப்பிக்கிறோம் என்பது இப்போது தெரியும்.

தரகர் எல்லாரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. தாள்களை ஒழுங்குபடுத்த உதவுவோர் உண்டு. ஆனால் விதியைப் படிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தல் ஆகாது. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில், இவ்வாண்டுக்குரிய விதியை, அந்தப் படிப்புக்குரிய பகுதியில் படிக்க வேண்டும். படித்த நாளைக் குறித்து வைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் எழுதிக் கேட்டு, விடையைக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் உடன் அமர்ந்து, "இதற்கு என்ன பொருள்?" என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். பொருள் சொல்ல முடியாத வரியில்தான் பிள்ளைக்கே தெளிவில்லாத இடம் இருக்கும்.

திரும்பும்போது ஈஸ்ட் ஸ்ட்ரீட் வழியாக வந்தோம். 1955 முதல் நடைபெறும் கயானி பேக்கரியின் முன் வழக்கம்போல் கூட்டம். முறை வரும் வரை நின்று இரண்டு பொட்டலம் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்கினோம். ஒன்று எங்கள் வீட்டுக்கு. மற்றொன்றை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டினோம். தங்கை மகள் தன் கோப்பை அப்பிள்ளையின் முன் விரித்து, "அண்ணா, ஜெர்மனி விதியை முதல் வரியிலிருந்து சேர்ந்து படிப்போமா?" என்றாள். அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தான். அவன் அன்னை எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் அருகில் அமர்ந்து கேட்டார்.