ஓதக் கூலி

இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு கடை வாசலில் வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் நிற்காமல் போக என்னால் முடியாது. உள்ளே விற்றது சாவலாய் டிப். சிவந்த, வழுவழுப்பான ஒரு சாசேஜ். அதன்மேல் குழைய வேகவைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு, கடுகுச் சாந்து, மூலிகை மணக்கும் ரொட்டித்தூள் பிசையல். எல்லாவற்றையும் பன்னுக்குள் அடைத்து, பன்னைக் கறிச்சாற்றில் முக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கச் சகிக்காது. அக்டோபர் மாதத்து வடகடல் காற்றில் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

துறைமேட்டு பெஞ்சில் உட்கார்ந்து, பாதியைச் சட்டைக் கையில் வழியவிட்டுத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "காத்து எந்தப் பக்கம்னு பார்த்து உட்காரணும் தம்பி. அந்தப் பக்கம் திரும்பு" என்றார். திரும்பினேன். வழிவது நின்றது. டைன் ஆற்றுக்குள் கப்பல்களை வழிநடத்திக் கொண்டுவரும் பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவராம். அந்தக் குரலில் இருந்த அதிகாரத்துக்கு அதுதான் காரணம்.

எதற்கு வந்தாய் என்று கேட்டார். கடற்கரைக்கும் ரோமானியர் கோட்டைக்கும்தான் இங்கே ஆள் வரும். நான் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினேன். ஓவியர் டர்னர் 1835இல் வரைந்தது: நிலவொளியில் கரி ஏற்றும் கீல் படகுக்காரர்கள். இதே ஆறு, இதே முகத்துவாரம், ராத்திரி.

டர்னர்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. மூடுபனியையும் அஸ்தமனத்தையும் பணக்காரர் வரவேற்பறைக்கு வரைந்து கொடுத்தவர் என்பது என் எண்ணம். வாஷிங்டனில் இந்தப் படத்தின் முன் முதலில் நின்றபோதும் கோபம்தான் வந்தது. மூன்றடி உயரம், நாலடி அகலம் இருக்கும். நடுவில் நிலா. அதிலிருந்து கொட்டுகிற வெளிச்சம் வானத்தையும் தண்ணீரையும் ஒன்றாக்கி, ராத்திரி என்று தலைப்பில் எழுதியிருப்பதால்தான் ராத்திரி என்று நம்ப வேண்டியிருக்கிறது. பாய்மரக் கப்பல்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிலவுக்கு வழிவிட்டிருக்கின்றன. வலது பக்கத்து இருட்டில்தான் தீப்பந்தங்கள், புகை, கறுத்த படகுகள், குனிந்து நிமிர்கிற உருவங்கள். இவ்வளவு அழகாக இருக்க இந்த வேலைக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

வேலை இதுதான். சுரங்கங்கள் ஆற்றின் மேல்பகுதியில். லண்டனுக்குக் கரி கொண்டுபோகும் கப்பல்களோ இங்கே முகத்துவாரத்தில். அந்தக் காலத்து டைன் ஆழமில்லாதது, நியூகாசில் பாலத்தின் வளைவுகள் தாழ்ந்தவை. கப்பல் மேலே போக முடியாது. ஆகவே கீல் என்ற தட்டையான படகு ஒவ்வொன்றிலும் சுமார் 21 டன் கரியை நிரப்பி, மூன்று ஆட்களும் ஒரு பையனும் ஓட்டி வந்து, கப்பல் பக்கத்தில் கட்டி, அவ்வளவையும் மண்வெட்டியால் தலைக்குமேல் வாரி வீச வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன். 1974இல் புதுத் துறைமுகம் திறக்கும்வரை எங்கள் ஊரிலும் கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடலில் தொலைவில் நிற்கும், தோணிகள்தான் போய்வரும். அதனால் அந்த வலது மூலை ஆட்களை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. மற்ற பார்வையாளர்கள் நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது எரிச்சலாக இருந்தது.

இதையெல்லாம் பெரியவரிடம் கொட்டினேன். இவனுக்கு வேலை செய்கிறவன் வலி தெரியவில்லை, நிலாவை வைத்து மறைத்துவிட்டான் என்றேன். அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "இது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?

"நிலா முழுசு. நிக்கிறது கடல் பக்கம், அதாவது கிழக்கே. ஓரளவு மேலே ஏறியும் இருக்கு. ராத்திரி ஒன்பது, பத்துன்னு வை. பௌர்ணமியன்னிக்கு இங்கே கடல் ஏற்றம் முட்டுறது மதியம் மூணு, மூணரைக்கு. ஒன்பது மணிக்கு நல்ல வற்றம்." விரலால் ஆற்றின் மேல்பக்கம் காட்டினார். "மதியம் தண்ணி இறங்க ஆரம்பிச்சதும் கரியோட வந்திருக்கான். இப்போ வாரிக் கொட்டுறான். ஏற்றம் திரும்பினதும் அதைப் பிடிச்சு மேலே போகணும். விட்டா அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தண்ணியை ஏத்தி இறக்குற அந்த நிலா இல்லேன்னா அந்த நேரத்துக்கு அவன் அங்கே எதுக்கு நிக்கிறான்?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அப்போதுதான் ஒட்டியது. கீல்காரர்களுக்குக் கூலி நாள் கணக்கில் அல்ல, ஓதக் கணக்கில், அதாவது கடல் ஏறி இறங்கும் கணக்கில். ஒரு ஓதத்துக்கு ஒரு நடை, ஒரு நடைக்கு ஒரு கூலி. நியூகாசிலில் சிட்டி ரோட்டில் இன்றும் நிற்கிறது அவர்களுடைய ஆஸ்பத்திரி. மருத்துவமனை என்பதைவிட முதியவர்களுக்கும் விதவைகளுக்குமான விடுதி. 1701இல் கட்டியது. பணம் எந்தப் பிரபுவும் கொடுத்ததல்ல. ஓதத்துக்கு ஒரு பென்னி என்று அவர்கள் கூலியிலிருந்தே பிடித்தது. நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஆற்றைப் பார்த்து நிற்கிற செங்கல் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அந்த நிதியைக் கரி வணிகர்கள் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்கள். பணம் தொழிலாளி கையில் இருந்தால் வேலைநிறுத்தக் காலத்துச் சோறாகிவிடும் என்ற பயம். பயம் நியாயமானதுதான்; நிறுத்தவும் செய்தார்கள். 1819இலும் 1822இலும் அவர்கள் போராடியது, கரையிலிருந்தே சரிவு வழியாகக் கரியை நேரே கப்பலுக்குள் கொட்டும் ஏற்பாட்டை எதிர்த்து. தோற்றார்கள். டர்னர் தூரிகை எடுத்தபோது இந்தத் தொழில் சரிய ஆரம்பித்திருந்தது.

படத்தை வரையச் சொன்னவர் ஹென்றி மெக்கானல் என்ற மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளி. அதற்கு முந்தைய வருஷம் டர்னரிடம் வெனிஸ் படம் ஒன்றை வாங்கியிருந்தார்: பகல், வெள்ளை வெயில், சோம்பலான தண்ணீர். அதற்கு ஜோடியாக இதைக் கேட்டார். பழைய வணிக நகரம் ஒரு பக்கம், கரியால் எழுந்த நாடு இன்னொரு பக்கம். முதலாளிக்கு அதில் பெருமை இருந்திருக்கும். லண்டன் விமர்சகர்களுக்கு அது பிடிபடவில்லை. காதலர்களுக்கு வழிகாட்ட வேண்டிய நிலவொளியை இந்த அழுக்குப் பிடித்த கரிக்காரர்கள்மேல் கொட்டி வீணாக்கிவிட்டாரே என்று 'லிட்டரரி கெஜட்' அங்கலாய்த்தது. நானும் அந்த விமர்சகரும் ஒரே புகாரை இரண்டு முனையிலிருந்து சொல்லியிருக்கிறோம் என்பது உறுத்துகிறது.

அதற்காகப் பெரியவரிடம் முழுதாக இறங்கிவிடவில்லை. ஒருத்தருக்காவது முகம் வரைந்திருக்கலாமே என்றேன். "முகம் இருந்தா என்ன பண்ணுவே? பேர் கேட்பியா?" என்றார். கேட்டிருப்பேன் என்றேன். இதில் கொஞ்சம் குரல் உயர்ந்தது. மறுகரைப் படகு வந்து சேர்ந்து, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. ஏழு நிமிடப் பயணத்தை இரண்டு பேருமே தவறவிட்டோம்.

எதிரே ஆறு சுத்தமாக, கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது. ஒரு கரித்தூள் இல்லை. கரி ஏற்றிய காலத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அதைவிட வேடிக்கை ஒன்று பார்த்தேன் என்றார். மின்நிலையங்களுக்காக வெளிநாட்டுக் கரி இந்த ஆற்றுக்குள் வந்து இறங்கியதாம். அந்தக் கப்பல்களையும் அவர்தான் உள்ளே கூட்டி வந்தாராம். சொல்லும்போது சிரிக்கவில்லை.

முகம் இல்லாதது குறைதான் என்று இப்போதும் சொல்வேன். நிலவு வீண் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அது அலங்காரம் அல்ல, அந்த ஆட்களை வேலைக்குக் கூப்பிட்ட சங்கு.

வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் நேஷனல் கேலரியில் இதைப் பாருங்கள். வெனிஸ் படமும் அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் நிற்கிற நடுவில் நிற்க வேண்டாம். வலது ஓரத்துக்குப் போய், முதலில் தீப்பந்தங்களிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது.